லெனாக்ஸ் அவென்யூல ஒரு தட்டாமாலை

அமெரிக்கால நியூயார்க்குக்குப் பக்கத்துல இருக்குற ஜெர்சி சிட்டிக்கு வந்த மொத எட்டு மாசத்துல என் வீட்டுக்காரரைத் தவிர என்னைத் தொட்ட ஒரே ஆள் பல் டாக்டர் தான். இங்க புதுசா வந்தவங்களுக்கு நான் என்ன சொல்றேன்னு புரியும். ஊர்ல ஒரு நாளைக்கு எத்தன கை நம்ம மேல படும், பஸ்ல இடிச்சுக்கிட்டு நிக்கிறது, பக்கத்து வீட்டுப் பாட்டி கன்னத்தை வழிச்சு நெட்டி முறிக்கிறது, ஃப்ரெண்டு தோள்ல கை போட்டுக்கிட்டு நடக்கிறது, அதெல்லாம் ஒரு விஷயம்னே அப்ப தோணாது. இங்க எல்லாரும் நல்லா தான் சிரிக்கிறாங்க, ஆனா ஒரு கை தூரம் தள்ளி நின்னு சிரிக்கிறாங்க. எனக்கு எச்-4 விசா, வேலை விசால வந்தவரோட மனைவிக்குக் குடுக்குறது. அவரோட கிரீன் கார்டு வேலை ஒரு கட்டம் தாண்டுற வரைக்கும் நான் வேலைக்குப் போக முடியாது, ஒன்பது வருஷம் ஐடில வேலை பாத்துட்டு வந்து காலைல எட்டு மணிக்கு கதவைச் சாத்துனா சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாம இருந்த நாள் நிறைய உண்டு.

எங்க பில்டிங் லாண்டிரி ரூம்ல ஒரு அம்மா பழக்கம், அறுபத்தஞ்சு வயசு இருக்கும், நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. ஒரு வாரம் துணி காயுற வரைக்கும் பேசிக்கிட்டு இருந்தப்போ, வியாழக்கிழமை நான் டான்ஸுக்குப் போறேன், நீயும் வான்னாங்க. என்ன டான்ஸுன்னு கேட்டேன், லிண்டி ஹாப், ஸ்விங் டான்ஸ்னு சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல, ஜாஸ் பாட்டுக்கு ஜோடியா ஆடுறதுன்னு பின்னாடி தான் தெரிஞ்சுது, அப்ப சரின்னு மட்டும் சொன்னேன். ஏன் சரின்னு சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல, கேட்ட விதம் அப்படி.

ஜர்னல் ஸ்கொயர்ல நியூயார்க் போற பாத் ட்ரெயின் ஏறி 33-வது தெருல இறங்கி நடந்து போனோம். ஒரு பழைய ஹால், மரத்தரை, ஓரமா மடக்கு நாற்காலி. மொத ஒரு மணி நேரம் புதுசா வந்தவங்களுக்கு க்ளாஸ், அதுக்கப்புறம் ராத்திரி வரைக்கும் சோஷியல், அதாவது பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும், யாரும் யாரோட வேணா ஆடலாம். க்ளாஸ்ல எல்லாரையும் பெரிய வட்டமா நிக்க வச்சாங்க, ஒருத்தர் ஆட்டத்தை நடத்துற லீடர், எதிர்ல ஒருத்தர் அது கூடவே போற ஃபாலோயர். ஆம்பளை தான் லீடர்னு கிடையாது, எது வேணுமோ நீயே எடுத்துக்கோன்னாங்க. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ 'ரொட்டேட்'னு கத்துவாங்க, உடனே ஒரு வரிசை மட்டும் அடுத்த ஆளுக்கு நகரும். பேரச் சொல்லணும், கைய நீட்டணும், ஆடணும். மொத ஆள் கைய நீட்டுனப்போ என் கை நிஜமாவே மேல வரல, முப்பத்தி மூணு வருஷமா முன்னப்பின்ன தெரியாத ஆம்பளை கைய நான் புடிச்சதே இல்ல. அவர் அவசரப்படுத்தல, கைய அப்படியே உள்ளங்கை மேல பாக்க வச்சுக்கிட்டு நின்னார். நான் விரலை அது மேல வச்சேன். புடிக்கக் கூடாதாம், விரலை கொக்கி மாதிரி மாட்டுனா போதும், கட்டை விரலால அமுக்கக் கூடாதுன்னு சொல்லிக்குடுத்தாங்க. அந்த ஒரு மணி நேரத்துல பதினெட்டு பேரு கை. சில கை ஈரம், ஒரு கை ஐஸ் மாதிரி, ஒருத்தர் கை நடுங்குச்சு, அவரும் அன்னைக்குத் தான் புதுசு. ராத்திரி திரும்பி வரும்போது ட்ரெயின்ல என் கைய நானே பாத்துக்கிட்டு வந்தேன்.

ஸ்விங் அவுட்னு ஒரு அசைவு இருக்கு, லிண்டி ஹாப்போட உயிரே அது தான். ரெண்டு பேரும் கிட்ட வந்து, சுத்தி, ஃபாலோயர் அந்த வேகத்துலயே வெளிய போகணும். எனக்கு ஒரு மாசம் வரவே இல்ல. நான் பயந்து என் எடைய எனக்குள்ளயே வச்சுக்கிட்டு இருந்தேன், டீச்சர் பின்னாடி சாய், சாய்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க, சாஞ்சா விழுந்துருவோமேன்னு உடம்பு விறைக்கும். ஒரு நாள் அந்த நர்ஸம்மா கூட ஆடும்போது டக்குனு புரிஞ்சுது, இது தட்டாமாலை! சின்ன வயசுல ரெண்டு பேர் கையக் கோத்துக்கிட்டு பின்னாடி சாஞ்சு சுத்துவோமே, அவ கைய விட்டா நான் விழுவேன், நான் விட்டா அவ விழுவா, ரெண்டு பேரும் சாஞ்சா மட்டும் தான் ரெண்டு பேரும் நிக்க முடியும். அதே தான். அன்னைக்கு நான் என் முழு எடையயும் பின்னாடி குடுத்தேன், அந்தம்மாவோட எடை எனக்கு வந்து சேந்துச்சு, நடுவுல கை ஒரு ரப்பர் மாதிரி இழுத்துக்கிச்சு, பறந்த மாதிரி வெளிய வந்தேன். பாட்டு முடிஞ்சதும் அந்தம்மா ஒண்ணும் சொல்லல, மறுபடி கைய நீட்டுனாங்க.

அம்மாகிட்ட வீடியோ கால்ல சொன்னப்போ பெரிய சண்டை. ஏண்டி, கண்டவன் கையப் புடிச்சுக்கிட்டு ஆடவா உன்ன கடல் தாண்டி அனுப்புனேன்னு கேட்டாங்க. ரெண்டு வாரம் சரியா பேசல. நான் அம்மாவை தப்பு சொல்ல மாட்டேன், அந்த ஹாலை அவங்க பாத்ததில்ல, வெளிய இருந்து கேட்டா எனக்கே அப்படித் தான் இருந்திருக்கும்.

அந்த ரெண்டு வாரத்துல தான் நான் இது எங்க இருந்து வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சேன், அம்மாவுக்கு பதில் சொல்லணும்னு. ஒரு செவ்வாக்கிழமை 2-ம் நம்பர் ட்ரெயின் புடிச்சு, நியூயார்க்ல கறுப்பின மக்களோட பகுதின்னு பேர் வாங்குன ஹார்லெம்ல 135-வது தெருல இறங்குனேன், ஸ்டேஷன்ல ஏறி வந்தா எதிர்லயே ஷாம்பர்க் சென்டர், கறுப்பின மக்களோட வரலாற்றுக்குன்னே இருக்குற நூலகம், பகல் முழுக்க அங்க உக்காந்து படிச்சேன். அப்புறம் லெனாக்ஸ் அவென்யூல வடக்க நடந்தேன். 140-வது தெருவுக்கும் 141-க்கும் நடுவுல தான் லிண்டி ஹாப் வளந்த டான்ஸ் ஹால், சவாய் பால்ரூம் இருந்துச்சு. 1926 மார்ச்ல தொறந்தாங்க, ஒரு பிளாக் முழுக்க அந்த ஒரு ஹால், ஒரு பேண்டு ஓய்ஞ்சா அடுத்தது உடனே ஆரம்பிக்கிற மாதிரி ரெண்டு மேடை. இப்ப அங்க அபார்ட்மென்ட் தான் இருக்கு, ஒரு நினைவுப் பலகை வச்சிருக்காங்க, 2002-ல அங்க ஆடி வளந்த ஃப்ராங்கி மானிங்கும் நார்மா மில்லரும் சேந்து தொறந்து வச்சது.

அந்த காலத்துல அதே ஹார்லெம்ல இருந்த காட்டன் கிளப்ல மேடைல ஆடுறவங்க பாடுறவங்க எல்லாம் கறுப்பின மக்கள், ஆனா வாடிக்கையாளரா உள்ள வந்து உக்காரணும்னா வெள்ளைக்காரங்களா இருக்கணும். சவாய்ல அப்படி இல்ல, யாரும் வரலாம், யாரும் யாரோடயும் ஆடலாம். நிறம் பாத்து ஆளைப் பிரிச்ச நாட்டுல இது எவ்வளவு பெரிய விஷயம், சாதி பாத்து தனி டம்ளர் வச்ச நாட்டுல இருந்து வந்த எனக்கு அத யாரும் வெளக்க வேண்டியதில்ல. 1943-ல ஆறு மாசம் அந்த ஹாலையே மூட வச்சாங்க, ஒழுக்கக்கேடுன்னு காரணம் சொன்னாங்க, கறுப்பும் வெள்ளையும் ஒண்ணா ஆடுறது புடிக்காம தான்னு ஹார்லெம்ல எல்லாரும் பேசிக்கிட்டாங்க.

இத உருவாக்குனவங்களும் இடம் பெயர்ந்தவங்க தான்னு படிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. ஃப்ராங்கி மானிங் 1914-ல ஃப்ளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில்ல பொறந்து சின்ன வயசுலயே அம்மாவோட நியூயார்க் வந்தவர். நார்மா மில்லரோட அப்பா அம்மா பார்படாஸ் தீவுல இருந்து வந்தவங்க, அவங்க வீட்டு ஃபயர் எஸ்கேப்ல, அதான் தீப்புடிச்சா எறங்க வெளிய வைக்கிற இரும்புப் படில, உக்காந்தா சவாய் ஜன்னல் தெரியுமாம், அந்தப் பொண்ணு அங்க இருந்தே பாத்துப் பாத்து ஆடக் கத்துக்கிச்சு. நீ ரொம்ப விறைப்பா இருக்க, உனக்கெல்லாம் டான்ஸ் வராதுன்னு ஃப்ராங்கியோட அம்மா சொன்னதா அவரே சொல்லிருக்கார். அந்த ஆள் 1935-ல சவாய்ல நடந்த ஒரு போட்டில தன் ஜோடிய முதுகு மேல தூக்கிப் புரட்டி எறக்குனார், லிண்டி ஹாப்ல அது வரைக்கும் யாரும் செய்யாதது. அப்புறம் காலம் மாறுச்சு, ஸ்விங் இசை ஓஞ்சுது, சவாய் 1958-ல மூடிட்டாங்க. அவர் போஸ்ட் ஆபீஸ்ல வேலைக்குச் சேந்து முப்பது வருஷம் பாத்தார். 1980-கள்ல சில இளம் ஆட்கள் தேடி வந்து சொல்லிக்குடுங்கன்னு கேட்டாங்க, எழுபது வயசு தாண்டி மறுபடி ஆரம்பிச்சு 2009-ல சாகுற வரைக்கும் நாடு நாடா போய் சொல்லிக்குடுத்தார், இன்னும் ஒரு மாசம் இருந்திருந்தா 95 வயசு. வேலை நின்னு போய் எனக்கு இனிமே ஒண்ணும் இல்லன்னு நான் அழுத ராத்திரிங்க எனக்குத் தெரியும். அந்த முப்பது வருஷத்தை நான் அடிக்கடி நெனச்சுப்பேன்.

ஒரு விஷயம் உறுத்துது, சொல்லணும். நான் போற ஹால்ல பெரும்பாலும் வெள்ளைக்காரங்க, அப்புறம் என்னைப் போல ஆசியாக்காரங்க. இத உண்டாக்குன மக்களோட பேரப்பிள்ளைங்க ரொம்ப கம்மி. ஒரு கறுப்பின அக்கா ஒரு நாள் தண்ணி குடிக்கும்போது சொன்னாங்க, எங்க பாட்டியோட டான்ஸுக்கு நான் தான் இங்க புது ஆள் மாதிரி தெரியிறேன்னு. எனக்கு பதில் சொல்லத் தெரியல. நாம விருந்தாளி, வீடு யாரோடதுன்னு தெரிஞ்சிருக்கணும், அதனால இப்பல்லாம் புதுசா வர்ற நம்ம ஆளுங்களுக்கு ஸ்டெப்புக்கு முன்னாடி நான் ஹார்லெம் பத்தி சொல்லிடுறேன், ஒரு தடவையாவது அந்தப் பலகைகிட்ட கூட்டிட்டும் போறேன்.

ஹாலுக்குள்ள நடந்துக்குற முறை சீக்கிரமே பழகிடும். யார் வேணா யாரையும் ஆடக் கூப்பிடலாம், வேண்டாம்னு சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டியதில்ல. ஒரு பாட்டு, மிஞ்சிப் போனா ரெண்டு, அப்புறம் தேங்க்யூ சொல்லி வேற ஆள். மாத்து சட்டை கொண்டு வரணும், ஏன்னா நாலு பாட்டுல நனைஞ்சுரும். ரப்பர் அடி செருப்பு போட்டுக்கிட்டு சுத்துனா கால் தரைல ஒட்டிக்கும், முட்டி போயிரும், எனக்கு மூணு வாரம் வலிச்சுது, அப்புறம் தான் தோல் அடி வச்ச ஷூ வாங்குனேன். ஆடிக்கிட்டு இருக்கும்போது கூட ஆடுறவங்களுக்கு பாடம் எடுக்கக் கூடாது, இது பெரிய விதி. ஒருத்தர் என் மணிக்கட்டை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு பாட்டு முழுக்க நீ தப்பு, நீ தப்புன்னு சொல்லிக்கிட்டே வந்தார், நான் வெளிய வந்து ஓரமா உக்காந்துட்டேன், மணிக்கட்டு சிவந்து கெடந்துச்சு. நம்ம ஊரா இருந்தா நீ ஏன் அங்க போனன்னு தான் மொத கேள்வி வரும். இங்க இதுக்குன்னே பொறுப்புல ஒருத்தர் இருப்பாங்க, அவங்ககிட்ட போய் சொன்னேன், அவங்க கேட்ட ஒரே கேள்வி, உனக்கு இப்ப என்ன வேணும்னு. அந்த ஆளைக் கூப்பிட்டுப் பேசுனாங்க. அடுத்த வாரம் நான் தைரியமா போனேன்.

என் வீட்டுக்காரர் ஆரம்பத்துல வரவே இல்ல, வேலை, களைப்பு. ஒரு நாள் என்னைக் கூட்டிட்டுப் போக வந்தவர் வாசல்லயே நின்னு அரை மணி நேரம் பாத்தார். அப்ப நான் லீடிங்கும் கத்துக்க ஆரம்பிச்சிருந்தேன், போய் கைய நீட்டுனேன். எனக்கு ஒண்ணும் தெரியாதேன்னார். தெரிய வேண்டாம், விரலை மட்டும் வைங்கன்னேன். அமெரிக்கா வந்ததுல இருந்து ரோடு, பேங்கு, விசா எல்லாத்துக்கும் நான் அவர் பின்னாடியே போய்க்கிட்டு இருந்தேன், அன்னைக்கு மூணு நிமிஷம் அவர் என் கைய நம்பி வந்தார். பாட்டு முடிஞ்சப்போ அவர் கண்ணு கலங்கி இருந்துச்சு. நல்லா இருக்கு, அடுத்த வாரமும் வரேன்னார்.

அம்மா மனசு மாறுனது வேற விதமா. எனக்கு ஒரு குழப்பம் இருந்துச்சு, பாட்டு எட்டு எட்டா போகுது, ஆனா மொதல்ல சொல்லிக்குடுத்த ஸ்டெப் ஆறு எண்ணிக்கை, ராக் ஸ்டெப், ட்ரிபிள் ஸ்டெப், ட்ரிபிள் ஸ்டெப், ட்ரிபிள்னா ரெண்டு எண்ணிக்கைக்குள்ள மூணு அடி. எப்பவும் பாட்டோட எடுப்புல நான் நடுவுல மாட்டிக்குவேன். அம்மா முப்பது வருஷம் பாட்டு க்ளாஸ் எடுத்தவங்க. கோவத்துல இருந்தாலும் தாளம்னா காது நீளும்னு தெரியும், சும்மா கேட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் ஃபோனை சொம்புல சாச்சு வச்சுட்டு தொடைல தாளம் போட ஆரம்பிச்சாங்க. எட்டு எண்ற ஆதி தாளத்துக்குள்ள ஆறு எண்ற ரூபகத்தை வச்சிருக்காங்கடி, ஆறை நாலு தடவ போடு, எட்டு மூணு ஆவர்த்தனம் முடிய இருபத்தி நாலுல சமத்துக்கு, மொத தட்டுக்கே வந்துரும், இதுல என்ன குழப்பம்னாங்க. அந்த ட்ரிபிள் ஸ்டெப்பை வாயால சொல்லுன்னாங்க, சொன்னேன். தகிடல 'கி'ய முழுங்கிட்டு த..டன்னு சொல்றாங்க, அவ்ளோ தான், அதனால தான் அந்த ஆட்டமா ஆடுதுன்னு அவங்களே ரெண்டு தடவ சொல்லிப் பாத்துக்கிட்டாங்க.

நான் ஃபோனை அடுப்பு மேடைல வச்சுட்டு சமையக்கட்டு தரைல நின்னேன். அம்மா தொடைல ஆதி போட, நான் ஆறு ஆறா ஆட, மொத தடவ பதினெட்டுல தடுமாறுனேன். அம்மா தாளத்தை நிறுத்தல. ரெண்டாவது தடவ இருபத்தி நாலு முடிஞ்சு ஒண்ணுல என் காலும் அவங்க தட்டும் ஒண்ணா விழுந்துச்சு.

"வந்துட்ட பாரு," அப்படின்னாங்க. "இன்னொரு தடவ. காலம் கொஞ்சம் கூட்டிப் போடுறேன்."