பன்னிரண்டு நிமிடம் ஓட ஐந்து வாரம் அலைந்த கதை

கணக்குப் பார்த்தால் நான் ஓடியது 36 நிமிடமும் சொச்சமும்தான். அதற்காக மைதானத்துக்குப் போனது ஏழு தடவை, டாக்டரிடம் மூன்று தடவை, ஜெராக்ஸ் கடைக்கு இரண்டு தடவை. கூப்பர் டெஸ்ட் எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் யாராவது இருந்தால், என் அலைச்சலில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும்.

ஆரம்பித்து வைத்தது கைக்கடிகாரம். என் விஓ2 மேக்ஸ் (முழு வேகத்தில் ஓடும்போது உடம்பு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு; கூடினால் நல்லது) 38 என்று காட்டியது. 44 வயது, சர்க்கரை எல்லைக்கோட்டில், வங்கியில் நாள் முழுக்க நாற்காலி. எனக்கு 38ஆ? வீட்டில் யாரும் நம்பவில்லை, எனக்கே நம்பிக்கை வரவில்லை. சரி, பழைய முறையில் சோதித்துவிடலாம் என்று இறங்கினேன். 1968இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் வெளியிட்ட முறை: பன்னிரண்டு நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓட முடிகிறதோ, அந்த மீட்டர் கணக்கில் 504.9ஐக் கழித்து 44.73ஆல் வகுக்க வேண்டும். அதைத் திருப்பிப் போட்டால், எனக்கு 38 வர 2,200 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஓடியாக வேண்டும்.

நான் வழக்கமாக ஓடுவது கோவை ரேஸ்கோர்ஸ் சாலையின் நடைபாதையில். அங்கேயே முடித்திருக்கலாம்தான். ஆனால் காலையில் அந்தக் கூட்டத்தில் பன்னிரண்டு நிமிடம் ஒரே வேகத்தில் ஓட முடியாது. பேசிக்கொண்டே நான்கு பேர் வரிசையாக வருவார்கள். மரங்களுக்கு அடியில் ஜிபிஎஸ்ஸும் தன் இஷ்டத்துக்குத்தான் அளக்கும். அளந்து கோடு போட்ட 400 மீட்டர் டிராக்தான் வேண்டும் என்று ஒரு மைதானத்துக்குப் போனேன்.

"கார்டு இருக்குதுங்களா?"

"இல்லீங்க. இன்னைக்கு ஒரு நாள் மட்டும். பன்னெண்டே நிமிஷந்தானுங்க."

"ரெண்டு நிமிஷமா இருந்தாலும் கார்டு வேணுமுங்க."

கார்டு வாங்க ஆதார் நகல், இரண்டு போட்டோ, ஒரு மாதக் கட்டணம். இதெல்லாம் நியாயம். நான்காவதாக ஒன்று கேட்டார் பாருங்கள்: உடல் தகுதிச் சான்றிதழ். தகுதி இருக்கிறதா என்று பார்க்கத்தானே வந்திருக்கிறேன் என்றேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

பக்கத்துத் தெரு டாக்டர் நான் எதற்கு ஓடப்போகிறேன் என்று கேட்டுவிட்டு, ஈசிஜி எடுத்து வரச் சொன்னார். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால் இந்த ஐந்து வாரத்தில் உருப்படியாக நடந்த ஒரே காரியம் அதுதான். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். இது சாதாரண ஓட்டம் இல்லை, முடிந்த மட்டும் ஓடுவது. ஈசிஜி நன்றாக இருந்தது, சான்றிதழ் கிடைத்தது. கொண்டு போனால், டாக்டரின் முத்திரையில் பதிவு எண் இல்லையாம். திரும்ப டாக்டரிடம். மறுபடி மைதானம். கார்டு கையில் வந்தபோது ஏதோ பட்டமே வாங்கியது போல இருந்தது. மறுநாள் ஷூ மாட்டிக்கொண்டு போனால், பள்ளிகளுக்கிடையே விளையாட்டுப் போட்டி, மூன்று நாளைக்கு உள்ளே விடமாட்டார்கள். முதல் நாள் கார்டு கொடுத்தவர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஒருவழியாக முதல் ஓட்டம். நடப்பவர்களும் என்னைப் போன்றவர்களும் உள் லேன்களில் இறங்கக் கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். ஐந்தாவது லேனில் ஒரே கூட்டம் என்பதால் ஆறாவதில் ஓடினேன். சுற்றுக் கணக்குக்கு இடது கையில் புளியங்கொட்டை. ஒரு சுற்று முடிந்தால் ஒன்றைக் கீழே போட வேண்டும். (மூச்சு வாங்கும்போது மூன்றா நான்கா என்பது நிச்சயம் மறந்துபோகும். புளியங்கொட்டைக்கு மறக்காது.) முதல் சுற்றை 1 நிமிடம் 50 விநாடியில் முடித்தேன். பெருமையாக இருந்தது. மூன்றாவது சுற்றில் விலாவில் குத்து, நான்காவதில் பாதி நடை. காலையில் சாப்பிட்ட இரண்டு இட்லிக்கும் அதில் பங்கு உண்டு. மொத்தம் நாலரைச் சுற்று, 1,800 மீட்டர். கூப்பர் அட்டவணையில் நாற்பதுகளில் இருக்கும் பெண்களுக்கு 1,500 முதல் 1,899 வரை சராசரி. சூத்திரத்தில் போட்டால் 29. கடிகாரம் சொன்ன 38 எங்கே, இது எங்கே?

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். தடை ஓட்டப் பயிற்சிக்கு வந்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, "எத்தனை மீட்டர் ஆன்ட்டி?" என்றாள். (அக்கா என்றே கேட்டிருக்கலாம்.) சொன்னேன்.

"நீங்க ஆறாவது லேன்லதானே ஓடுனீங்க? அது 400 இல்லீங்களே."

"பின்னே?"

"400 மீட்டர் ரேஸ்ல வெளி லேன்காரங்களை முன்னாடி தள்ளி நிக்க வைப்பாங்கல்ல, எதுக்குன்னு நினைச்சீங்க?"

எத்தனை ஒலிம்பிக் பார்த்திருக்கிறேன், இது உறைக்கவே இல்லை. முதல் லேன் மட்டும்தான் 400. ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். நேர்ப் பகுதியில் வித்தியாசம் இல்லை, வளைவுகளில்தான் கூடுகிறது. லேனுக்கு லேன் சுமார் ஏழரை மீட்டர். ஆறாவது லேனில் ஒரு சுற்று 437.7 மீட்டர். நாலரைச் சுற்றுக்கு 1,970! 1,900ஐத் தாண்டினால் "சராசரிக்கு மேல்". உட்கார்ந்த இடத்திலேயே 170 மீட்டர் கூடுதலாக ஓடி, ஒரு படி மேலே ஏறிவிட்டேன். அன்று கடிகாரம் 2.11 கிலோமீட்டர் என்றது, கைபேசி 1.94 என்றது. டிராக்கில் ஜிபிஎஸ்ஸை நம்பாதீர்கள். லேன் எண்ணைக் குறித்துக்கொண்டு சுற்றை எண்ணுங்கள்.

ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டாவது ஓட்டம். நேரம் பார்க்க வீட்டுக்காரரை அழைத்துப் போனதுதான் நான் செய்த தப்பு. பன்னிரண்டாவது நிமிடம் விசில் ஊத வேண்டியவர், நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவரோடு சிறுவாணித் தண்ணீர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் ஓடிக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு விசில் வந்தது. அன்றைய தூரத்தை அப்படியே குப்பையில் போட்டேன். "முக்கா நிமிஷம் கூட ஓடுனா நல்லதுதானே" என்றார். வீடு வரும் வரை பேசவில்லை.

மூன்றாவதுக்கு நானே எல்லாம். ஒரு பயிற்சியாளரிடம் கேட்டேன். வீரர்கள் வருவதற்கு முன்னால், ஐந்தரைக்கு வந்தால் முதல் லேனில் ஓடிக்கொள்ளலாம் என்றார். இதை முதல் நாளே யாரிடமாவது கேட்டிருக்கலாம்! வெறும் வயிறு, ஒரு வாழைப்பழம் மட்டும். பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கினேன். கைபேசியில் பன்னிரண்டு நிமிட டைமர், அழைப்புகள் வராதபடி விமானப் பயன்முறை. சுற்றுக்கு 2 நிமிடம் 20 விநாடி என்று தீர்மானித்து, முதல் சுற்றில் கால் எவ்வளவு கெஞ்சியும் வேகத்தைக் கூட்டவில்லை. ஓட்டம் முழுக்க இந்த ஒரு விஷயம்தான் கஷ்டம்; முதல் இரண்டு சுற்றும் "இது ரொம்ப மெதுவாச்சே" என்று தோன்ற வேண்டும். நான்காவது சுற்றில் யாரும் சொல்லாமலே அது சரியான வேகமாகிவிட்டது.

ஐந்து புளியங்கொட்டையும் விழுந்து, அதற்கு மேல் கொஞ்ச தூரம் போனதும் டைமர் அடித்தது. அதே இடத்தில் ஒரு செருப்பை வைத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன தையல் டேப்பால் தொடக்கக் கோட்டிலிருந்து அளந்தேன். ஒன்றரை மீட்டர் டேப்பை நாற்பது தடவை நகர்த்தினேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. 60 மீட்டர். மொத்தம் 2,060. சூத்திரத்தில் 34.8. கூப்பர் இதை 115 விமானப்படை ஆண்களை வைத்துக் கண்டுபிடித்தார் என்பதால் எனக்கு இது உத்தேசக் கணக்குதான். ஆனால் அடுத்த தடவை ஓடும்போது ஒப்பிட்டுப் பார்க்க என் பழைய எண் ஒன்று இருக்கிறது. நேர்மையாக அளந்த எண்.

கடிகாரம் இன்னும் 38 என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. கார்டு வரும் 30ஆம் தேதியோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் புதிதாக ஒரு தகுதிச் சான்றிதழ் வேண்டுமாம்.