மூட்டம்

அக்டோபர் 27, திங்கள்

இன்றைக்குத் திருச்செந்தூரில் சூரசம்ஹாரம். டிவியில் நேரலை ஓடுகிறது, எனக்குக் கண் வாசல் பக்கமே. பொதிகை மலைப் பக்கம் கறுத்துக் கட்டியிருக்கிறது. ஐப்பசியில் அப்பளம் காயாதே என்று, அப்பளம் இட்டு விற்கிற எங்கள் கல்லிடைக்குறிச்சியில் பாதி வீடு புலம்பும். என் பயம் அது இல்லை. 2023 டிசம்பர் 17, 18-க்கு அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. தாமிரபரணிக்கு எது கரை, எது தெரு என்றே தெரியவில்லை. எங்கள் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். அப்பளத்துக்கு வைத்திருந்த உளுந்து மாவு மூட்டைகள் எல்லாம் களியாகிவிட்டன.

மேகம் கறுத்தால் மனசு ஓடும் வரிசையைச் சொல்கிறேன். வெள்ளம் வரும், மாவு போகும், கடன் ஏறும், கோயம்புத்தூரில் இருக்கிற மகனுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும், நான் எதுக்கும் லாயக்கில்லாதவள். முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் என்ன சம்பந்தம்? எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. உள்ளே ஓடும்போது ஒவ்வொன்றும் சத்தியவாக்கு மாதிரிதான் கேட்கும்.

எழுதச் சொன்னது என் தங்கை மகள். பாளையங்கோட்டையில் உளவியல் படிக்கிறாள். ஆரோன் பெக் என்கிற அமெரிக்க மனநல மருத்துவர் 1960-களிலேயே இந்தத் தன்பாட்டு ஓட்டத்தைக் கவனித்து, அதைப் பிடித்து விசாரிப்பதையே ஒரு சிகிச்சையாக்கினாராம். “மொதல்ல வாறத எழுதுங்க பெரியம்மா, சரி பண்ணுதத அப்புறம் பாப்போம்” என்றாள்.

அக்டோபர் 29, புதன்

எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் விடியற்காலம் ரோஜாப்பூ படத்தோடு வரும்: ‘இன்று எல்லாம் நல்லதே நடக்கும், நான் வலிமையானவள்.’ அனுப்புகிற மதினிமேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நான் அதைச் சொல்லச் சொல்ல உள்ளே இருந்து ஒருத்தி “யாரு சொன்னா?” என்று கேட்கிறாள்.

தங்கை மகளிடம் இதைச் சொன்னேன். கனடாவில் ஜோயன் உட் என்பவரும் கூட இருந்தவர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சொன்னாள். தன்னைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைப்பவர்கள் ‘நான் அன்புக்குரியவள்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, அவர்கள் மனநிலை முன்னைவிட இறங்கித்தான் போனதாம். வார்த்தைக்கும் உள்ளே நம்புவதற்கும் நடுவே இருக்கிற தூரம் உறுத்துகிறது போல.

“அப்போ அந்த நெனப்ப வரவிடாம அடைச்சுப்போட்டா?”

“அது அதுக்கு மேல பெரியம்மா” என்று வெள்ளைக் கரடிக் கதையைச் சொன்னாள். 1987-இல் டேனியல் வெக்னர் என்பவர் சில பேரை உட்காரவைத்து, வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணி அடியுங்கள் என்றாராம். மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அப்புறம் தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க விட்டவர்களைவிட அதிகமாக நினைத்திருக்கிறார்கள். எனக்கு இதுக்கு ஆராய்ச்சியே வேண்டாம். பிள்ளைகளிடம் “அங்கே போகாதே” என்று சொல்லிப் பார்த்தவள்தானே நான்.

நவம்பர் 2, ஞாயிறு

நினைப்பை அடைக்காமல், வருவதைச் சும்மா கவனிக்கிற ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்கிற தியானத்தைத் தங்கை மகள் சொல்லிக்கொடுத்தாள். கண்ணை மூடி உட்காருவது எனக்குச் சரிப்படவில்லை, தூக்கம்தான் வருகிறது. “உங்களுக்குத்தான் பலகை இருக்கே பெரியம்மா, அதுல செய்யுங்க” என்றுவிட்டாள்.

அப்பளம் இடும்போது செய்து பார்க்கிறேன். இடித்த மாவை நீளமாக உருட்டி, நூலால் அறுத்த உருண்டைகள் எண்ணெய்ப் பளபளப்போடு தட்டில் இருக்கும். ஒன்றை எடுத்து, மாவில் புரட்டி, பலகையில் வைத்துக் குழவியை ஓட்ட வேண்டும். ஒவ்வொரு ஓட்டலுக்கும் அப்பளத்தைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், அதுதான் சூட்சுமம். திருப்புவது தவறினால் ஒரு பக்கம் ஓரம் தடித்துவிடும். அதை எண்ணெயில் போட்டால் நடு சிவந்து ஓரம் வேகாமல் நிற்கும்.

ஓரம் எப்போது தடிக்கிறது என்று பார்த்தேன். மனசு வெள்ளத்துக்கோ, பாக்கி தராமல் இழுக்கிற சென்னைக் கடைக்காரரிடமோ போயிருக்கும் நேரம்தான். கை பாட்டுக்கு ஓடும், திருப்புவதை மட்டும் மறந்துவிடும். ஆக, நான் இங்கே இல்லை என்பதை அப்பளமே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

காட்டிக்கொடுத்ததும் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: “வெள்ள யோசனை வந்திருக்கு” என்று மனசுக்குள் சொல்வது, உடம்பில் எங்கே பிடித்திருக்கிறது என்று பார்ப்பது (எனக்கு எப்போதும் அடிவயிறு), ஒரு மூச்சு முழுசாக விடுவது, திரும்பக் குழவிக்கு வருவது. நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது, திட்டக்கூடாது. ஜான் கபாட்-சின் என்பவர் 1979-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், தீராத வலியோடு வந்தவர்களுக்கு ஒரு பயிற்சியாகத் தொடங்கியது இந்த வழி. அவர் அதைப் புத்த மதத் தியானத்திலிருந்தும் யோகத்திலிருந்தும் எடுத்தார். இங்கிருந்து போய்ச் சுற்றிவிட்டு என் அப்பளப் பலகைக்கு வந்திருக்கிறது!

நவம்பர் 5, புதன்

கரண்ட் இல்லை, கொசு, உரல் பக்கம் ஒழுகல். கவனமும் இல்லை, ஒன்றும் இல்லை. இடுப்பு வலி மட்டும் நன்றாகத் தெரிந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

பலகையில் ஒரு ஆப்பு தளர்ந்து ஆசாரி வந்திருந்தார். தங்கை மகளும் இருந்தாள். கெட்ட எண்ணத்தை நல்ல எண்ணத்தால் மாற்றுவது பற்றிப் புத்தர் சொன்னது இதே வேலைதான் என்றாள்: தச்சன் பெரிய ஆப்பைச் சின்ன ஆப்பால் அடித்து வெளியே தள்ளுகிற மாதிரி. பதஞ்சலியும் தொல்லை தரும் எண்ணத்துக்கு எதிர் எண்ணத்தை வளர்க்கச் சொல்கிறாராம்.

ஆசாரி நிமிராமலே, “சின்ன ஆப்புன்னாலும் தொளைக்குப் பொருந்தணும்லா. இல்லேன்னா உள்ள போயி முறிஞ்சிரும்” என்றார்.

ராத்திரி வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ‘வெள்ளம் வராது’ என்பது என் துளைக்குப் பொருந்தாத ஆப்பு. வந்ததைப் பார்த்தவள் நான், எப்படி நம்புவேன்? பொருந்துகிறவை வேறு. மாவு மூட்டைகள் இந்த வருஷம் பரணில் இருக்கின்றன. அன்றைக்கு எதிர்வீட்டு மாடியில் தெரு முழுக்க ஏறி நின்றோம், அவர்கள் ரெண்டு நாள் சோறு போட்டார்கள். தை மாசமே திரும்ப அப்பளம் போட்டேன். எல்லாம் நடந்தவை. இதில் எதைச் சொன்னாலும் உள்ளே இருக்கிறவள் எதிர்க்கேள்வி கேட்க வழியில்லை.

ஆனால் வரிசை முக்கியம். முதலில் ‘வந்திருக்கு’ என்று பார்த்து, வயிறு கொஞ்சம் தளர்ந்த பிறகுதான் இது வேலை செய்கிறது. படபடப்போடு சொன்னால் ரோஜாப்பூ கதைதான்.

இன்னொன்று. எல்லாப் பயமும் வேண்டாத எண்ணம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூட்டையைப் பரணில் ஏற்ற வைத்தது பயம்தானே? ஏற்றியாயிற்று, இனி அதற்கு வேலை இல்லை. சென்னைப் பாக்கிக்கும் அப்படித்தான். மூச்சைக் கவனித்தால் பணம் வராது, போன் போட்டால் வரும். போட்டேன். பாதி அனுப்பியிருக்கிறார்.

நவம்பர் 14, வெள்ளி

எங்களோடு மாவு இடிக்கிற அக்கா ரொம்ப நாளாகச் சரியாகத் தூங்குவதில்லை, சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். “நீ செய்யுத அந்த மூச்சு வேலைய எனக்கும் சொல்லிக்குடேன்” என்று கேட்டார். சொல்லிக்கொடுக்கும் முன் தங்கை மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

இந்த வழியை மனச்சோர்வுக்காகவே சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூன்று பேர் மாற்றி அமைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அமைத்தது, மனச்சோர்விலிருந்து தேறியவர்களுக்கு அது திரும்ப வராமல் தடுக்க. சோர்வு கடுமையாக இருக்கும்போது கண்ணை மூடித் தனியே உட்காருவது சிலருக்கு இன்னும் மோசமாகக்கூடும். டாக்டர் பார்க்கட்டும், மற்றது பிறகு என்றாள். 14416-க்கு அடித்தால் அரசாங்கத்தின் டெலிமானஸ் என்கிற மனநல உதவி போனில் இருக்கிற ஆட்கள் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது என்றும் சொன்னாள்.

அக்காவுக்கு முதலில் சங்கடம். “எனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?” என்றார். சுகருக்குப் போகிற மாதிரி இதற்கும் போகிறோம் என்றேன். என் போனிலிருந்தே அடித்துக் கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். நெடுநேரம் பேசினார். திங்கட்கிழமை பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போவதாக முடிவு. நானும் கூடப் போகிறேன். அன்றைக்கு மாவு இடிப்பு கிடையாது, கடைகளுக்குச் சொல்லிவிட்டேன்.