மெக்கானிக்கல் படிக்கக் கடன் வாங்கும் முன் நான் போட்டிருக்க வேண்டிய கணக்கு

அப்பாவுக்கு ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் கல் (டைல்ஸ்) போடும் வேலை. கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு கட்டத்திலும் சாயம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றுவார். அப்புறம் அச்சைத் தூக்கிவிட்டு மேலே மணலும் சிமென்டும் போட்டு அமுக்குவார். கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் வீட்டில் எந்தச் செலவு வந்தாலும் "இதுக்கு எத்தனை கல் போடணும்?" என்றுதான் கேட்பார். 2014ல் என் பி.இ. மெக்கானிக்கல் படிப்புக்காகக் காரைக்குடியில் ஒரு வங்கியில் 4 லட்சம் கல்விக்கடனுக்குக் கையெழுத்துப் போட்ட அன்று மட்டும் அவர் அதைக் கேட்கவில்லை. பிள்ளை படிப்பில் கணக்குப் பார்க்கக் கூடாது என்று நினைத்துவிட்டார். நானும் பார்க்கவில்லை.

இந்த வருடம் அத்தை மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். மெக்கானிக்கல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். அவளை உட்கார வைத்துச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

நான் செய்த பெரிய தப்பு, கவுன்சலிங் வரை காத்திருக்காமல் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தது. ரிசல்ட் வந்த வாரமே ஒருவர் வீட்டுக்கு வந்து, இப்போது முன்பணம் கட்டாவிட்டால் சீட் போய்விடும் என்றார். பயந்து கட்டிவிட்டோம். எங்கள் வீட்டில் பட்டப்படிப்புக்குப் போன முதல் ஆள் நான். ஒற்றைச் சாளரக் கவுன்சலிங்கில் போயிருந்தால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை கிடைத்திருக்கும். இப்போது சுயநிதிக் கல்லூரியில் அது வருடத்துக்கு 25,000 ரூபாய், நாலு வருடத்தில் 1 லட்சம். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அது கிடையாது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021லிருந்து 7.5% ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. காரைக்குடியிலேயே அழகப்பச் செட்டியார் 1952ல் தொடங்கிவைத்த பொறியியல் கல்லூரி, இப்போது அரசுக் கல்லூரி. கட் ஆஃப் எட்டும் தூரத்தில் இருந்தால் அதை முதல் விருப்பமாகப் போடாமல் விடாதீர்கள். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வந்தால் ஹாஸ்டல் செலவும் மிச்சம்.

அடுத்தது வட்டி. படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்றார்கள். அந்த ஐந்து வருடமும் வட்டியே இல்லை என்று நாங்கள் புரிந்துகொண்டோம். தவணைதான் இல்லை, வட்டி முதல் நாளிலிருந்து ஓடும். என் வட்டி விகிதம் ஏறி இறங்கியது, எளிதாகப் புரிய 10% என்றே வைத்துக்கொள்வோம். வருடத் தொடக்கத்தில் 1 லட்சமாக நாலு முறை வாங்குகிறோம். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி, இரண்டாவதற்கு நாலு, மூன்றாவதற்கு மூன்று, கடைசி லட்சத்துக்கு இரண்டு. தனி வட்டியாகவே 1,40,000 ரூபாய். தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000 ஆகிவிடும்.

அதை 7 வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 8,965 ரூபாய், மொத்தம் ஏழரை லட்சம். 10 வருடம் என்றால் மாதம் 7,136, மொத்தம் 8,56,000. 15 வருடம் என்றால் மாதம் 5,803தான், ஆனால் மொத்தம் பத்தரை லட்சத்தை நெருங்கும். தவணை குறைகிறதே என்று கட்டும் காலத்தை நீட்டிக்கொண்டே போகாதீர்கள்.

இனி சம்பளம். படிப்பு முடித்து ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். ஆஃபர் லெட்டரில் வருடத்துக்கு 2,16,000 என்று இருந்தது. பன்னிரண்டால் வகுத்து, மாதம் 18,000 என்று அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன். முதல் மாதம் கையில் வந்தது 13,400. சி.டி.சி. (நமக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) என்று எழுதும் தொகையில் கம்பெனி கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கும் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) சேர்ந்தே இருக்கும். அதை எடுத்துவிட்டு, நம் பங்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), கேன்டீன் எல்லாம் பிடித்ததுபோக மிச்சம்தான் நம் கைக்கு. அறையை நாலு பேர் பகிர்ந்துகொண்டோம். வாடகை, சாப்பாடு, பஸ் போக ஒன்பதாயிரம் தவணைக்கு எங்கே போவது? மூன்றாவது தவணை, கணக்கில் பணம் இல்லாமல் திரும்பிவிட்டது.

எனக்கு வலித்தது அதற்கு அடுத்து நடந்ததுதான். அப்பா வேலைக்குப் போய்வர மொபெட் வாங்கக் கடன் கேட்டார். சிபில் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாழ்நாளில் ஒரு பைசா பாக்கி வைக்காத மனுஷன். என் கல்விக்கடனில் அவர் இணைக் கடன்தாரர் என்பதால் என் தவணை தவறியது அவர் பெயரிலும் ஏறியிருந்தது. இதை எந்தப் பெற்றோரும் கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டும். தவணை தவறப்போகிறது என்று தெரிந்ததும் தவறும் முன்பே கிளைக்குப் போய்ப் பேசுங்கள். நான் தவறிய பிறகுதான் போனேன். காலத்தை 10 வருடமாக மாற்றிக் கொடுத்தார்கள். 2020ல் கொரோனாவுக்காக ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தபோதும் வட்டி ஓடியது. முடிந்த மாதமெல்லாம் கட்டினேன்.

அதனால் அத்தை மகளுக்குச் சொன்ன கணக்கு இது. சேரப்போகும் கல்லூரியில் போன வருடம் மெக்கானிக்கல் முடித்த நாலைந்து பேரைப் பிடித்து, கையில் எவ்வளவு வருகிறது என்று கேள். போர்டில் போட்டிருக்கும் பெரிய பேக்கேஜை விட்டுவிடு. நடுவாக வரும் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகக் கூடாது. என் 13,400க்கு அது சுமார் 4,500. 10% வட்டி, 7 வருடம் என்றால் தவணை தொடங்கும்போது பாக்கி 2,70,000க்குள் இருக்க வேண்டும். படிக்கும்போது வட்டி கட்டாவிட்டால் அதற்கு 2 லட்சம் கடன்தான் வாங்கலாம். மாதாமாதம் வட்டியைக் கட்டிவந்தால் 2,70,000 வரை வாங்கலாம். நான் வாங்கியது 4 லட்சம்.

படிக்கும்போது வட்டி கட்டுவது நம் வீடுகளில் முடிகிற காரியமா என்று கேட்பீர்கள். முதல் வருடம் 1 லட்சத்துக்கு மாதம் 833 ரூபாய்தான். நாலாவது வருடத்தில்தான் 3,333 ஆகும். பல வங்கிகள் இப்படிக் கட்டுபவர்களுக்கு வட்டியில் 1% குறைக்கின்றன. பெற்றோர் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, படிப்புக்கோ கல்லூரிக்கோ உரிய அங்கீகாரம் இருந்தால், தவணை தொடங்கும் வரை ஆகும் வட்டியை மத்திய அரசே கட்டும் மானியத் திட்டமும் உண்டு. வருமானச் சான்றிதழை நேரத்துக்குக் கொடுக்காமல் நான் அதைக் கோட்டைவிட்டேன். 2024ல் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு, 8 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கு 3% வட்டிச் சலுகை உண்டு. உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பாலிடெக்னிக் வழியையும் தள்ளிவிடாதீர்கள். என்னோடு பத்தாவது படித்த ஒருவன் டிப்ளமோ முடித்து, நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்ந்தான். மூன்று வருடக் கட்டணம்தான். லேத்தும் மில்லிங்கும் கையில் பழகியிருந்ததால் ஷாப் ஃப்ளோரில் என்னைவிட அவனுக்குத்தான் மதிப்பு.

மெக்கானிக்கல் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். முதல் மூன்று வருடம் சம்பளம் நகராது, அதைத் தாங்கும் அளவுக்குக் கடன் சிறியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சி.என்.சி. (கணினி கட்டுப்பாட்டில் ஓடும் இயந்திரம்) புரோகிராமிங் கற்றபின் நாலாவது வருடம் என் கைக்கு 28,000 வந்தது. போனஸ் வந்தபோதெல்லாம் அசலில் கட்டினேன். அசலில் வரவு வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் முன்கூட்டிய தவணையாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

போன வருடம் கடனை முடித்துவிட்டேன். பாக்கி இல்லை என்ற சான்றிதழை அன்றே கேட்டு வாங்கினேன். இரண்டு மாதம் கழித்து என் சிபில் அறிக்கையையும் அப்பாவுடையதையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் கடன் முடிந்ததாகக் காட்டியது. அதற்குப் பிறகுதான் அப்பா மொபெட்டுக்கு மறுபடி விண்ணப்பம் கொடுத்தார்.