லிஸ்டோவெலின் துக்க வீடுகள்

அயர்லாந்தின் கெர்ரி பகுதியில், லிஸ்டோவெல் என்ற சிற்றூரில் நான் மிகவும் மதிக்கும் வழக்கம், உள்ளூர் வானொலி இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பது. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் கொதிக்கும் கெட்டிலைக்கூட அணைத்துவிடுவார். தெரிந்த பெயர் காதில் விழுந்ததும் கறுப்புக் கோட்டைத் தட்டித் துடைக்கத் தொடங்குவார். தூரத்து அறிமுகம் என்றாலும் போயே தீரவேண்டும்.

துக்க வீட்டில் வரிசையாக நின்று, குடும்பத்தார் ஒவ்வொருவர் கையையும் பற்றி, "உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன்" என்பார்கள். எல்லோருக்கும் அதே சொற்கள்தான். புதிதாக எதையும் யோசிக்க வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! பிறகு தேநீர், ஹாம் சாண்ட்விச், இறந்தவரின் குறும்புக் கதைகள், சத்தமான சிரிப்பும்கூட. அங்கே யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. செப்டம்பர் குதிரைப் பந்தயத்துக்குத் திரளும் அதே ஊர்தான் இங்கேயும் திரள்கிறது.