ஷெர்லாக் ஜூனியர் பார்த்தோம்

ஹட்டனில் நேற்றும் விடாத மழை. அம்மாயிக்கு அந்தக் கால அமெரிக்கச் சிரிப்பு நடிகர் பஸ்டர் கீட்டனின் 'ஷெர்லாக் ஜூனியர்' போட்டுக் காட்டினேன். 1924இல் வந்த ஊமைப்படம்.

சந்தேகப்பட்ட ஆளை ஒட்டியே போக வேண்டும் என்று துப்பறியும் புத்தகத்தில் படித்துவிட்டு, கீட்டன் அவன் முதுகுக்குப் பின்னாலேயே அடிமேல் அடி வைத்து நடப்பார். அவன் தோளுக்கு மேலாக எறிகிற சிகரெட்டைப் பிடித்து, ஒரு இழுப்பு இழுத்து வீசுவார். அம்மாயிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சத்தம் கேட்டுப் பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ரயில் கூரையில் ஓடித் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் தொங்குகிறாரே, அது நிஜமாகவே அவர்தான். தண்ணீர் அடித்துத் தள்ளியதில் கழுத்தில் எலும்பு முறிந்தது, பல வருடம் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரியவந்ததாம். விழுந்து சிரிக்க வைப்பதை இனி யாரும் மட்டமாகப் பேசாதீர்கள்.

முக்கால் மணி நேரம்தான். யூடியூபில் இருக்கிறது, வீட்டுப் பெரியவர்களோடு பாருங்கள்.