99.4

செப்டம்பர் 4
பகல் பதினொரு மணிக்கு எழுதிக்கொண்டிருந்தபோது வலது கணுக்காலில் சுருக்கென்றது. அடித்துவிட்டுக் கொசுவை எடுத்துப் பார்த்தேன். அதன் கால்களில் வெள்ளை வரிகள், உள்ளங்கையில் ஒரு துளி இரத்தம். அந்த இரத்தம் என்னுடையதா, எனக்கு முன்னால் கடிபட்ட வேறு யாருடையதோ.

செப்டம்பர் 7
ஒன்றுமில்லை. தடிப்புகூட மறைந்துவிட்டது.

செப்டம்பர் 10
கண்களுக்குப் பின்னால் வலி. இடுப்பை யாரோ முறித்துப் போட்டதைப் போலிருக்கிறது. தெர்மாமீட்டரில் 99.4. மற்றவர்களுக்கு இது காய்ச்சலே இல்லை. ஆனால் நாள்தோறும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்குகிற உடம்பில் 99.4 என்பது உண்மையில் எத்தனை என்று எந்தக் கருவி சொல்லும்? மாற்றுச் சிறுநீரகத்தை அந்நியன் என்று கண்டுகொள்ளாதபடி உடலின் எதிர்ப்பை அடக்கி வைத்திருக்கிறோம். கூச்சலிட வேண்டிய நேரத்திலும் அது முணுமுணுக்கத்தான் செய்கிறது.

செப்டம்பர் 11
என்எஸ்1 இரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். டெங்கு. சேர்த்துக்கொண்டார்கள்.
அக்கா தொலைபேசியில் முதலில் கேட்டது, "அது எப்படி இருக்கிறது?" என்றுதான். பிறகே, "நீ எப்படி இருக்கிறாய்?" சிறுநீரகத்தைக் கொடுத்தவளுக்கு அந்த உரிமை உண்டு. சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் ஏறும் கழிவான கிரியேட்டினின் 1.2இலிருந்து 1.5 ஆனதை நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 12
வெள்ளணுக்கள் 2,300, தட்டணுக்கள் 88,000. இறக்கியது வைரஸா, எதிர்ப்பை அடக்கும் மைக்கோபினோலேட் மாத்திரையா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டுமே அணுக்களைக் குறைக்கக்கூடியவை என்றார் மருத்துவர். அந்த மாத்திரையின் அளவைப் பாதியாக்கியிருக்கிறார். எதிர்ப்பை அடக்கும் இன்னொரு மருந்தான டாக்ரோலிமஸ் தொடர்கிறது, காலை வேளை மாத்திரைக்கு முன்பாக அதன் இரத்த அளவைப் பார்க்கிறார்கள். பிரெட்னிசோலோனைத் திடீரென்று நிறுத்தவே கூடாதாம். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென் சிறுநீரகத்துக்கும் ஆகாது, இரத்தக்கசிவு அபாயத்துக்கும் ஆகாது. தடுப்பூசி போட்டிருக்கக் கூடாதா என்று அத்தான் கேட்டார். இப்போதுள்ள டெங்குத் தடுப்பூசிகளில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ். எதிர்ப்பை அடக்கி வாழும் எங்களுக்கு அவை விலக்கு.

செப்டம்பர் 13
உறக்கமில்லை. 2002இல் அமெரிக்காவில் நடந்தது நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒரே கொடையாளரின் உறுப்புகளைப் பெற்ற நான்கு பேருக்கும் வெஸ்ட் நைல் வைரஸ் தொற்றியது, மூவருக்கு மூளையழற்சி, ஒருவர் இறந்தார். கொடையாளருக்கு அது வந்தது இறப்பதற்குச் சற்றுமுன் ஏற்றிய இரத்தத்தின் வழியாக. 63 பேர் கொடுத்த இரத்தத்தில் ஒருவருடையதில் வைரஸ் இருந்தது. அந்த ஒருவரை எப்போதோ ஒரு கொசு கடித்திருக்கும். அவர் அதைக் கவனித்திருக்கவும் மாட்டார். நானோ என்னுடையதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.

செப்டம்பர் 14
98.2. "விட்டுவிட்டது" என்று செவிலியர் சிரித்தார். டெங்குவில் அஞ்ச வேண்டியதே காய்ச்சல் விடுகிற நேரத்தைத்தான். இரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குவது அப்போதுதான். ஆனால் சரியாகக் காய்ச்சலே வராத எனக்கு அது எப்போது விட்டது என்று எப்படிக் கணக்கிடுவது? இரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்று காட்டும் ஹீமட்டோகிரிட் 38இலிருந்து 44 ஆகியிருக்கிறது, தட்டணுக்கள் 41,000. சலைன் குறைந்தால் சிறுநீரகம் காயும், கூடினால் நுரையீரலில் நீர் கோக்கும். ஆகவே மணிக்கொரு முறை சொட்டின் வேகத்தை மாற்றுகிறார்கள். கட்டிலுக்கடியில் அளவுக்கோடு போட்ட சிறுநீர்க் குடுவை. அதைக் குனிந்து பார்ப்பதே என் வேலையாகிவிட்டது.

செப்டம்பர் 15
850 மில்லி.

செப்டம்பர் 16
ஏழாம் நாள், எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் பரிசோதனை இன்னும் நெகட்டிவ். அடக்கி வைத்த உடலில் எதிர்ப்பொருள் தாமதமாகத்தான் உருவாகும், உருவாகாமலும் போகலாம். இந்தப் பரிசோதனையை மட்டும் செய்திருந்தால் எனக்கு டெங்குவே இல்லை என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். தட்டணுக்கள் 47,000. கிரியேட்டினின் 1.9. பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும் என்கிறார் மருத்துவர். இறங்காவிட்டால் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி, அதுவும் தட்டணுக்கள் ஏறிய பிறகுதான். அக்காவிடம் 1.9 என்று சொல்லிவிட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தாள்.

செப்டம்பர் 17
காலை 98.4. குடுவையில் 1,300. கிரியேட்டினின் முடிவு மாலை ஏழு மணிக்கு வரும் என்றார்கள். இப்போது ஏழே கால்.