நிறைமாசத்தில் பிரஷர்: தோட்டத்திலிருந்து கம்பம் இறங்குபவர்களுக்கு

வேலை கேரளத்து வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்தில், பிரசவம் தேனி மாவட்டம் கம்பத்தில் அம்மா வீட்டில். எங்கள் பக்கம் பலருக்கு இப்படித்தான். வளைகாப்பு முடிந்து இறங்கும்போது சீர்வரிசையை மறந்தாலும் கேரளத்தில் போட்ட செக்கப் அட்டையை மறக்க வேண்டாம். ஐந்தாம் மாசத்துக்கு முன் பிரஷர் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான், இப்போது ஏறியிருப்பது பழைய பிரஷரா கர்ப்பத்தில் வந்ததா என்று டாக்டர் பிரித்துப் பார்க்க முடியும்.

ஜீப்பை விட்டு இறங்கிய கையோடு பிரஷர் பார்க்கக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிஷம் உட்காருங்கள். பருத்த கைக்கு பிரஷர் மெஷினின் சின்னப் பட்டையைச் சுற்றினால் அளவு கூடித்தான் காட்டும். 140/90 வந்தால் நாலு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள், யூரினில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்றும் பார்ப்பார்கள். 160/110 என்றால் அவ்வளவு நேரம் காத்திருக்கக் கூடாது. கால் மணி நேரத்தில் திரும்பப் பார்த்து, குறையாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போக வேண்டும். லேபடலால் அல்லது நிஃபெடிபின் கொடுப்பார்கள். உப்பைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் சொல்வதில் இந்த நோய்க்குப் பலன் இல்லை.

கால் வீக்கம் பலருக்கும் வருவதுதான். விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலா எலும்புக்குக் கீழே வலி, திடீரென முகம் ஊதுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். விலா வலியை 'வாயு' என்று ஓமத்தண்ணி கொடுத்து நேரத்தைக் கடத்துவது இங்கே வாடிக்கை. அது இந்த பிரஷரால் வந்த ஈரல் பாதிப்பாக இருக்கலாம்.

தேனி மெடிக்கல் காலேஜ் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன், இந்த பிரஷரால் வரக்கூடிய வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்ஃபேட் ஊசி போடுவதுண்டு: புட்டத்தில் பக்கத்துக்கு 5 கிராம், மொத்தம் 10. நன்றாக வலிக்கும், உடம்பு கொதிப்பது போலிருக்கும். எத்தனை மணிக்கு, எவ்வளவு போட்டார்கள் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுதாவிட்டால் போகிற இடத்தில் முழு அளவை மறுபடி போட்டுவிட வாய்ப்புண்டு. இந்த மருந்து சிறுநீரில்தான் வெளியேறும். உடம்பில் தேங்கினால் முதலில் முழங்காலைத் தட்டினால் கால் தானாக உதறும் அனிச்சை போகும், பிறகு மூச்சு அடங்கும். நர்ஸ் அடிக்கடி முழங்காலைத் தட்டுவதும் மூச்சை எண்ணுவதும் யூரின் பையைப் பார்ப்பதும் அதனால்தான். இதை முறிக்கும் மருந்து கால்சியம் குளுக்கோனேட், பக்கத்திலேயே இருக்கும்.

37 வாரம் ஆகிவிட்டால் பிள்ளையை எடுப்பதுதான் வைத்தியம். நிலைமை முற்றினால் அதற்கு முன்பும் எடுப்பார்கள். ஆனால் பிள்ளை பிறந்ததும் பிரஷர் இறங்கிவிடாது. மூன்று முதல் ஆறாம் நாளுக்குள்தான் பெரும்பாலும் உச்சத்துக்குப் போகும், வலிப்பும் அப்போது வரலாம். அந்த நாட்களில் தலைவலி என்றால் தலைக்கு ஊற்றியது ஒத்துக்கொள்ளவில்லை என்று பத்துப் போடாமல், பிரஷரைப் பார்க்கச் சொல்லுங்கள்.